நடுவில் ஓர் ஆள்

போகட்டும். காந்திமதி நாளைக்குக் காலையில் பாளையங்கோட்டையில் பஸ் ஏறி மதுரைக்கு வரட்டும், வந்து அந்தப் பயிற்சி மையத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தனிவட்டியும் கூட்டுவட்டியும் நடத்தட்டும். அரசு வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் முழங்கை இடிக்க நெருக்கியடித்து உட்கார்ந்து இருமுகிற ஹால், ஏசிக்காக ஜன்னலையெல்லாம் அடைத்துவைத்திருக்கிற ஹால், அதற்குள் ருபெல்லா, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கிற அம்மை, சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது இந்த நிமிஷம் எனக்கும் டெல்லியில் இருக்கிற என் சீஃபுக்கும்தான் தெரியும், அவருக்குக் காந்திமதி என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்பது எனக்கும் தெரியாது. அதாவது எனக்குத் தெரியக்கூடாது. காலையில் இவர் ஷேவ் பண்ணிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார், "அக்கா போன் பண்ணினா. காந்திமதி முழுகாம இருக்காளாம். வாந்தியாம், ரெண்டு வாரமா லீவு போட்டு அக்கா வீட்டுலதான் கெடக்காளாம், நாளைக்குத்தான் வேலைக்கு வாரா. மூணு மாசம் முடியுத வரைக்கும் யார்ட்டயும் சொல்லாதன்னா. நீ கேட்ட மாதிரி காட்டிக்கிடாத மாரி." யார்ட்டயும் என்றால் யார், இந்த வீட்டில் இவரைத் தவிர நான் ஒருத்திதானே பெரியவள். இவருடைய அக்கா பேச்சியம்மாள், என் மதினி, தன் மகள் உண்டான சேதியை என்னிடமிருந்து ஒளித்துவைக்கிறாள். என் கண் பட்டுவிடுமாம். காது கேளாத பிள்ளையைப் பெற்றவளுடைய கண். சரி மதினி, உங்கள் இஷ்டம், எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவள் எப்படிப் போன் பண்ணி எச்சரிக்கை செய்வாள், சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் லேபில் ஆள் இல்லை. ஃப்ரீசர்கள் உறுமுகின்றன, பக்கத்து அறையில் ஜெபராணி சர்ச்சுக்குக் கட்டிப்போன பட்டுப்புடவையின் மேலேயே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு டியூப்களை அடுக்குகிறாள், என் முன்னால் கம்ப்யூட்டர் மறுபடியும் மரம் வரைகிறது. மரம் என்றுதான் சொல்லுவோம். நோயாளியின் தொண்டையைத் துடைத்த பஞ்சுக்குச்சியிலிருந்து வைரஸை எடுத்து அதன் எழுத்துகளை முதலிலிருந்து கடைசிவரை படிப்போம், ஒன்பதாயிரத்துச் சொச்சம் எழுத்து, நாலே வகை எழுத்து திரும்பத் திரும்ப. ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குத் தாவுகிற வழியில் எங்காவது ஓர் எழுத்து மாறிப்போகும், பார்த்து எழுதுகிறவன் கைதவறி எழுதுகிற மாதிரி. அந்தத் தவறையும் சேர்த்துத்தான் அடுத்த ஆளுக்குக் கொடுக்கும். தவறுகளை ஒப்பிட்டால் யார் யாருக்குச் சொந்தம் என்று கிளை கிளையாக வரைந்துவிடலாம். இந்த மாதம் இதற்கு முன் வந்த மாதிரிகள் முழுக்க ஒரு மில் விடுதியிலிருந்து வந்தவை, ஒரே கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடந்தன, அந்தப் பரவல் அடங்கிவிட்டது என்று எழுதியும் கொடுத்தாயிற்று. பயிற்சி மையத்திலிருந்து வந்த இரண்டு குச்சியும் அந்தக் கொத்திலேயே உதிரியாக விழும் என்றுதான் நினைத்தோம். விழவில்லை. அது வேறு கிளை. அதைவிட மோசம், அந்த இரண்டுக்குள்ளேயே நாலு எழுத்து வித்தியாசம். ஒருத்தன் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு நேராகக் கொடுத்திருந்தால் இவ்வளவு வராது. நடுவில் ஆட்கள் இருக்கிறார்கள். லேசாகக் காய்ச்சலடித்து, லேசாகத் தடித்து, வேர்க்குரு என்று சந்தனத்தைத் தடவிக்கொண்டு கிளாசுக்கு வந்துபோகிற ஆட்கள், எத்தனை பேர் என்று தெரியாது, அது அங்கே வாரக்கணக்கில் கைமாறிக்கொண்டிருக்கிறது, இன்னும் மாறும். நாளைக் காலையில் காந்திமதி அதன் நடுவில் போய் நிற்பாள்.

சீஃபுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. நல்ல வேலை சந்தனமாரி, இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள், சுகாதாரத் துறையிடம் நாளைக்கு நானே பேசுகிறேன், அதுவரை வெளியே யாரிடமும் மூச்சு விடவேண்டாம். யாரிடமும் என்று அவரும் எழுதுகிறார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், ஜெபராணி எட்டிப் பார்த்தாள். "என்ன மேடம், ரிசல்ட் நல்லா வந்திருக்கோ?" "ஆமா, நல்லா வந்திருக்கு." "அப்ப சாப்பிட வாங்க. நெத்திலிக் கொழம்பு கொண்டாந்திருக்கேன்." பசிக்கவில்லை என்றேன். வயிறு எரிந்துகொண்டிருக்கும்போது பசி எங்கே வரும். அவள் போனதும் அந்தச் செய்தியை மறுபடி படித்தேன். எவ்வளவு சௌகரியமான உத்தரவு. நான் ஒன்றுமே செய்யவேண்டாம், விஷம் வைக்கவேண்டாம், மண்ணை வாரித் தூற்றவேண்டாம், கோயிலில் காசு வெட்டிப்போடவேண்டாம், விதிப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். நாளைக்கு சீஃப் பேசுவார், அவர்கள் கூடிப் பேசுவார்கள், மையத்தை மூட இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் ஆகவேண்டியது ஆகிவிடும். நாளைக்கு யார் கேட்டாலும் பதில் தயார், எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது. மதினி கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். மடியில் பேத்தி, அல்லது பேரன், பிறந்து ஒரு மாதத்தில் கருவிழியில் பால் படர்ந்த பிள்ளை. பிறகு இருதய டாக்டர். பிறகு அந்தக் காதுப் பரிசோதனை, பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டுவார்கள், தட்டுவார்கள், தாய் மட்டும் திடுக்கிடுவாள். அப்போது நான் போவேன். ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போவேன். மதினி என்னிடம் சொன்ன வார்த்தையை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுவேன், "கடவுள் குடுத்தது, நாம என்ன செய்ய முடியும். எல்லாம் சரியாப் போயிரும்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு காபி குடிப்பேன்.

என் மகள் வயிற்றில் வந்தபோதும் இதே மூன்று மாதக் கணக்குத்தான். சேதி எனக்கும் இவருக்கும் மாமியாருக்கும் மட்டும்தான் தெரியும், மாமியார் வாயைத் திறக்கக்கூடாது என்றுவிட்டார், "மூணு மாசம் கழியட்டும், பெத்த மகள்ட்டகூட நான் சொல்லல." அந்த நேரத்தில்தான் மதினி வீட்டில் பால்காய்ப்பு வந்தது. கடன் வாங்கிக் கட்டின புது வீடு, நாள் குறித்துப் பத்திரிகை கொடுத்தாயிற்று, அப்போது பார்த்து மகன் சுடலைமணி காலேஜ் விடுதியிலிருந்து உடம்பெல்லாம் பொரிந்துபோய் வந்து நின்றிருக்கிறான். எங்கள் ஊர்ப்பக்கம் அம்மை போட்ட வீட்டு வாசலில் ஒரு கொத்து வேப்பிலை தொங்கும். அதைப் பார்த்தால் தபால்காரன்கூடத் தெருவில் நின்றே கூப்பிடுவான், பிள்ளைத்தாய்ச்சி எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பாள். வேப்பிலை கட்டிய வீட்டில் விசேஷம் நடக்காது. அதனால் மதினி வேப்பிலை கட்டவில்லை. மகனை மாடி அறையில் அடைத்துவைத்துவிட்டு, வாசலில் மாவிலைத் தோரணம் கட்டினாள். நான் அந்தத் தோரணத்துக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன், வெள்ளியில் குங்குமச்சிமிழ் கொண்டுபோனேன், பால் பொங்கியபோது குலவை போட்டேன், ஒரு ராத்திரி தங்கி மறுநாள் வந்தேன். பிறகு என் கழுத்தில் மணல் போலக் கொஞ்சம் தடித்தது, மூன்றாம் நாள் மறைந்துவிட்டது. தேன்மொழி பிறந்தபோது கண்ணில் பாலோடு பிறந்தாள். தேன்மொழி என்று பெயர் வைத்த பிறகுதான் அவளுக்குக் காதும் கேட்காது, வாயும் எளிதில் வராது என்று தெரிந்தது. பெயரை மாற்றலாமா என்று இவர் கேட்டார். மாற்றமாட்டேன் என்றேன், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் அந்தக் குடும்பத்துக்கு உறைக்கட்டும் என்று. அவர்களுக்கு எங்கே உறைத்தது. "பஸ்ல எவளாவது பக்கத்துல உக்காந்திருப்பா" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அம்மை போட்ட கதையே எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. தேன்மொழியின் முதல் பிறந்தநாளுக்குச் சுடலைமணி வந்தான், ஒன்றும் அறியாதவன், கேக்கைத் தின்றுகொண்டே சொன்னான், "அத்தை, ஒங்க வீட்டுப் பால்காய்ப்பு எப்ப? எங்க வீட்டுதுல நான் மாடியில கெடந்தேன்லா, அம்மை போட்டு." மதினி அவன் தோளை இடித்ததை நான் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தப் பைத்தியம். காலேஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் அதை விட்டுவிட்டு இந்த லேபுக்கு வந்தேன், சம்பளம் குறைவு, பரவாயில்லை என்றேன், ஆராய்ச்சியில் ஆர்வமா என்று இன்டர்வியூவில் கேட்டார்கள், ஆமாம் என்றேன். பிறந்த பிள்ளையின் தொண்டையில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் இருக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து என் மகளின் தொண்டைக் குச்சி இங்கேதான் வந்திருந்தது, ஃப்ரீசரில் இருந்தது, நானே எடுத்துப் படித்தேன். அந்த வருஷம் சுடலைமணியின் விடுதியிலிருந்தும் சுகாதாரத் துறை குச்சி அனுப்பியிருந்தது, அதையும் படித்தேன். வேறு எந்த ஊரிலும் இல்லாத ஒரு மாற்றம் அந்த விடுதி வைரஸில் இருந்தது, என் மகளிடமும் இருந்தது. அன்றைக்கு லேப் கழிவறையில் போய் அழுதேன், சந்தோஷத்தில். பஸ் இல்லை, எவளோ இல்லை, அந்த வீடுதான். கூடுதலாக இரண்டு எழுத்து மாறியிருந்தது, அது என் வயிற்றிலோ பிள்ளையின் உடம்பிலோ மாறியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் அப்போதும் இடித்தது, இப்போதும் இடிக்கிறது. மதினியிடம் ஒரு தடவை நேராகவே கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே சொன்னாள், "அவனுக்குத் தண்ணி ஊத்தி ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிட்டு, பெறகுதான் பால் காச்சினோம். மாடியில கெடந்தாம்னா சோர்வுல கெடந்தான். எங்க மேல ஏம்ட்டி பழியப் போடுத?" அம்மை இறங்கினதும் வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள், அதோடு அம்மன் மலையேறிவிட்டாள் என்று கணக்கு. தண்ணீர் ஊற்றி இரண்டு வாரம் ஆகியிருந்தால் சுடலைமணியிடம் கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருந்திருக்காது. ருபெல்லா அவ்வளவு நாள் தங்காது. அவள் சொன்னது நிஜம் என்றால் என் மகளுக்கு வந்தது அவனிடமிருந்து இல்லை. ஆனால் எழுத்துகள் பொய் சொல்லாது, ஆகவே மதினி பொய் சொல்கிறாள். இரண்டு வாரம் இல்லை, இரண்டு நாள்கூட இருக்காது, ஈரத்தலையோடு அவனை மாடிக்கு ஏற்றியிருப்பாள். கீரையைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவள் பொய்தானே சொல்லுவாள். இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டிருக்கிறேன், ரயிலில், குளிக்கும்போது, தேன்மொழியின் காது மெஷினுக்கு பேட்டரி மாற்றும்போது. ஒவ்வொரு தடவையும் விடை ஒன்றுதான், ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு வாரம் செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தும், ஒவ்வொரு தடவையும் அவள் பொய்க்காரி என்று சொல்லித்தான் கல்லை உதறவேண்டியிருக்கும்.

அவளுக்குத் தெரியாது என்று இவர் சொல்லுவார். எப்போது சண்டை வந்தாலும் கடைசியில் இவர் அதைத்தான் எடுத்துப் போடுவார். "நீ முழுகாம இருந்தது அக்காவுக்குத் தெரியாதுலா. தெரிஞ்சா வரச் சொல்லியிருப்பாளா?" தெரியாதுதான். மாமியார் மறைத்தார், மதினி மறைத்தாள், இரண்டு மறைப்பும் ஒரு தோரணத்துக்கு அடியில் சந்தித்துக்கொண்டன. அதனால் என்ன? வேப்பிலை எனக்காகவா கட்டுகிறார்கள், தெருவில் போகிற எல்லாருக்காகவும்தானே கட்டுகிறார்கள், யார் வயிற்றில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதால்தானே கட்டுகிறார்கள். தெரியாது என்பது ஒரு சமாதானமா? அப்படியானால் எனக்கும் தெரியாது. இதோ நானும் மறைக்கிறேன், அவளும் மறைக்கிறாள், நாளைக்கு இரண்டும் அந்த ஏசி ஹாலில் சந்திக்கட்டும். அவள் செய்ததற்கு மேல் நான் ஒரு குந்துமணி அளவும் செய்யவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சே, மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது. அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதுதான் இதில் ருசியே, அதுதான் தொண்டையிலும் சிக்குகிறது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். ஜெபராணியின் டிபன் பாக்ஸிலிருந்து வருகிற நெத்திலி வாசனை குமட்டுகிறது, எனக்கா மசக்கை.

காந்திமதிக்குக் குமட்டும். அவள் சின்னதிலேயே மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறவள். நான் அவளை நினைக்கவே கூடாது என்றுதான் இவ்வளவு நேரமும் மதினியை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குடும்பத்தில் தேன்மொழியிடம் பேசுவதற்காகக் கை பாஷை கற்றுக்கொண்டவள் அவள் ஒருத்திதான், அப்பன் வழி ஆச்சி கற்கவில்லை, பெற்ற அப்பனே பாதிதான் கற்றார். இவள் செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு ஒரு தீபாவளிக்கு வந்து நின்று, விரலை மடக்கி விரித்து, உன் சட்டை கேவலமாக இருக்கிறது என்று என் மகளிடம் சொன்னாள். தேன்மொழி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது, தன் சத்தம் தனக்குத் தெரியாதவள் சிரிக்கிற சிரிப்பு. அதற்குப் பிறகு இரண்டு பேரும் வீட்டில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து கையாலேயே எல்லாரையும் கிண்டல் பண்ணுவார்கள். இவள் வயிற்றில் இப்போது இருப்பது ஒரு பயறு அளவு இருக்குமா, கண் எழும்புகிற நேரம், காது குழிகிற நேரம், இருதயம் நாலு அறையாகப் பிரிகிற நேரம். அந்த வைரஸ் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிவதுபோல அவள் டாக்டருக்குக்கூடத் தெரியாது. பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்ட வருஷம் இவள் வயது கொஞ்சம் கூடிப்போய்த் தப்பிவிட்டாள், அதுவும் எனக்குத் தெரியும். பழி வாங்குவதென்றால் மதினியை அல்லவா வாங்கவேண்டும், இவளை எதற்கு. ஆனால் மதினிக்கு வலிக்கிற இடம் வேறு எது இருக்கிறது? சுடலைமணி துபாயில் இருக்கிறான், வீடு கடனில் மூழ்கினால்கூட அவள் கலங்கமாட்டாள். இவள்தான் அவளுக்கு உயிர். என் மகள் எனக்கு உயிராக இல்லையா. மரம் வரைந்து முடிந்துவிட்டது. கிளையில் ஒரு மாற்றமும் இல்லை, நாலு எழுத்து நாலு எழுத்துதான். மணி மூன்றரைக்கு மேல் இருக்கும், வெளியே வெயில் சாய்ந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. வைரஸைப் பார்த்து இல்லை. நாளைக் காலையில் நான் தேன்மொழிக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பேன், அந்த நேரம் இவள் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பாள், நான் பின்னலை இறுக்கி ரிப்பன் கட்டுவேன், அந்தக் கை என்னுடைய கையாகத்தான் இருக்கும். அந்தக் கையோடு நான் பிறகு என் பிள்ளையிடம் என்ன பேசமுடியும்.

போன் எப்போது கையில் வந்தது என்று தெரியவில்லை. இரண்டு ரிங் போவதற்குள் காந்திமதி எடுத்துவிட்டாள். "அத்தை! என்ன அதிசயமா, ஞாயித்துக்கிழமை மத்தியானம்? தேனு நல்லாருக்காளா?" "நல்லாருக்கா. நாளைக்கு வேலைக்கு வாரியா?" "ஆமா அத்தை, காலைல மொத பஸ்." "வராத." "ஏன் அத்தை?" "வராதன்னா வராத. ஒங்க சென்டர்ல அம்மை இருக்கு. ரெண்டு பேருக்குன்னு நெனைக்காங்க, நெறைய பேருக்கு இருக்கு. நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லாத. ஒரு மாசம் லீவு போடு. வேலை போனாலும் போகட்டும்." அவள் குரலைத் தாழ்த்தி, வெட்கத்தோடு, "மாமா சொல்லிட்டாவளா? நானே மொதல்ல ஒங்ககிட்டதான் சொல்லணும்னு இருந்தேன் அத்தை, அம்மாதான் விடல" என்றாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது, அடக்கிக்கொண்டு, "அதெல்லாம் இருக்கட்டும், நான் சொன்னது காதுல ஏறிச்சா" என்று அதட்டினேன். அவள் சிரித்தாள். "பயப்படாதீங்க அத்தை. அம்மை எனக்கு ஏற்கனவே போட்டுட்டு. ஒரு தடவ போட்டா திரும்ப வராதுலா?" எப்போது என்று கேட்டேன். எந்தக் குரலில் கேட்டேனோ. "எங்க வீட்டுப் பால்காய்ப்பு அப்ப. அண்ணனுக்குத் தண்ணி ஊத்தி ரெண்டு வாரம் கழிச்சு, சரியா விசேஷத்துக்கு மொத நாள் எனக்குப் போட்டுட்டு. லேசாத்தான். அம்மா முழுக்கைச் சட்டை போட்டுவிட்டு யார்ட்டயும் மூச்சு விடாதன்னுட்டா. ஒங்களுக்கு ஞாபகம் இல்லியா? விசேஷத்தன்னைக்கு ராத்திரி ஒங்ககூடத்தான் படுத்துக்கெடந்தேன். தலைவலிக்குன்னு சொன்னதும் நீங்கதான் மடியில போட்டு விடிய விடியத் தைலம் தேச்சு விட்டீங்க."

ஞாபகம் இருக்கிறது. சூடான சின்ன நெற்றி, பாவாடைச் சட்டை, புதுச் சுண்ணாம்பு வாசனை, என் கழுத்தில் அவள் மூச்சு. விசேஷ வீட்டு அலைச்சல், அதுதான் காய்ச்சல் என்று நினைத்தேன். விடுதிக்கும் என் மகளுக்கும் நடுவில் கூடுதலாக இருந்த இரண்டு எழுத்தை என் வயிற்றுக் கணக்கில் போட்டேன், மதினியின் இரண்டு வாரத்தைப் பொய்க் கணக்கில் போட்டேன், எல்லாம் சரியாக வந்தது. மதினி பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். "அத்தை? லைன்ல இருக்கீங்களா?" இருக்கிறேன் என்றேன், இருந்தாலும் நாளைக்கே ரத்தம் கொடுத்துச் சோதனை பண்ணிப் பார்த்துவிடு, முடிவு வருகிறவரை வீட்டை விட்டு இறங்காதே, உன் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்றேன். என் பிள்ளையைத் தின்றதுதான் உன் பிள்ளைக்குக் காவல் நிற்கிறது என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்போது அங்கே ஏதோ சலசலத்தது, யார்ட்டீ, மாரியா, என்னத்தைச் சொன்ன, குடு இங்க. போன் கைமாறியது. ஒரு கதவு சாத்துகிற சத்தம்.

"மாரி." மதினிக்கு மூச்சு வாங்கியது. "அவ சொன்னதக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீ கணக்குப் போட்டிருப்ப. அவளுக்குத் தெரியாது மாரி. தன்னாலதான்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நீ ஒம் மகளத் தூக்கிட்டு வந்து காட்டுன அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அன்னையில இருந்து சோறு எறங்கல. என்னய என்ன வேணாலும் சொல்லு, நடுத்தெருவுல நிப்பாட்டிச் செருப்பால அடி, வாங்கிக்கிடுதேன். அவகிட்ட மட்டும் சொல்லிராத. தேனு மேல உசுரையே வச்சிருக்கா. தெரிஞ்சா செத்துப்போவா. வாயும் வயிறுமா இருக்கா மாரி." அழுதாள். மதினி அழுது நான் கேட்டதே இல்லை, இவ்வளவு வருஷமும் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டது இதைத்தான், கேட்க நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் போல இருந்தது. பின்னால் கதவைத் தட்டிக்கொண்டு காந்திமதி அம்மா, அம்மா என்று கூப்பிடுகிறாள். "சொல்லமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு மாரி. ஒம் மக மேல சத்தியமா சொல்லு." "நான் எதுக்கு மதினி சத்தியம் பண்ணணும்" என்றேன். "சொல்லுவியா?" "தெரியாது மதினி. வளைகாப்புக்கு வருவேன்லா. பிள்ளை பெறந்ததும் பாக்க வருவேன். அதுக்குப் பெயர் வைக்கும்போது வருவேன். எப்ப வாயில வருதோ." அவள் போனை வைக்கவில்லை. வைத்தால் நான் மறுபடி காந்திமதியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன் என்று பயம். காந்திமதியிடம் நான் சாகிறவரைக்கும் சொல்லப்போவதில்லை. அதை மதினிக்குச் சொல்லவேண்டும் என்று என்ன இருக்கிறது.